மகளை ஹாஸ்டலில் சேர்க்கப் போறீங்களா? முதல்ல லைசென்சை பாருங்க!

பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கும் பெற்றோர் கேட்பது ரெண்டே கேள்விதான். வாடகை எவ்வளவு? சாப்பாடு எப்படி? லைசென்ஸ் இருக்கா என்று யாரும் கேட்பதில்லை.

மதுரை கட்ராபாளையத்தில் 2024 செப்டம்பர் 12-ந்தேதி அதிகாலை பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்து தீப்பிடித்தது. புகையில் சிக்கி 2 பெண்கள் பலியானார்கள். இடிக்கச் சொல்லி மாநகராட்சி ஏற்கனவே நோட்டீஸ் கொடுத்த கட்டிடம் அது என்ற விவரம் அப்புறம்தான் வெளியே வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென 2014-லேயே தமிழக அரசு சட்டம் போட்டது. கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கணும். கட்டிட உறுதி, தீயணைப்பு, சுகாதார சான்றிதழ்கள் வேணும்.

ஆனால் நடப்பது என்ன? கட்டுப்பாடு எல்லாம் மாணவிகளுக்குத்தான். ராத்திரியானால் கேட்டுக்கு பூட்டு. திருடன் வர மாட்டான், சரி. தீப்பிடித்தால் அந்த பூட்டே எமன் ஆச்சே! சாவி யாரிடம்? வெளியேற இன்னொரு வழி எங்கே?

விபத்து நடந்தால் ரெய்டு, சீல். நாலு நாளில் எல்லாம் மறந்து போகும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே லைசென்சை காட்டச் சொல்லுங்க. மழுப்பினால் வேற ஹாஸ்டல் பாருங்க. மாசம் 500 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.