கியாமத்துக்குத் தேதி குறிப்பவர்களும், அக்ஸாவுக்குத் தீ வைத்தவனும்!



முதலியார்பேட்டையில் கடலூர் சாலையோரம் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் சென்ற வாரம் ஒரு துண்டுப் பிரசுரத்தை நம் கையில் திணித்தார். "இதுக்குப் பதில் எழுதணும் பாய்" என்றார். அஸர் தொழுதுவிட்டு வந்து கடை திறந்த நேரத்தில், இரண்டு பேர் வந்து பணிவாகச் சலாம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். ரயிலில் போகும்போது சுவருக்குச் சுவர் பார்க்கிறோமே, 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று, அதே செய்திதான். கூடவே இஸ்ரேலின் கொடி. இஸ்ரேல்தான் தேவனின் கடிகாரம் என்றும், அந்தக் கடிகாரத்தில் நள்ளிரவு நெருங்கிவிட்டது என்றும் விளக்கம். பின்பக்கத்தைத் திருப்பினால் அடுத்த ஆண்டுக் கூட்டங்களுக்கான தேதிப் பட்டியல்! உலகம் முடியப் போகிறது என்பவர்கள் அடுத்த ஆண்டுக்குப் பந்தல்காரரிடம் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் போலும்.

நாம் சிரித்தோம். கடைக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய கவலை வேறு. கல்லூரியில் படிக்கும் மகன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அத்தா, நம்ம பயான்லயும் இதைத்தானே சொல்றாங்க? ஈஸா நபி வருவாங்க, தஜ்ஜால் வருவான்னு. அப்போ இவங்க சொல்றதும் சரிதானே?" என்று கேட்டானாம். அது மட்டுமல்ல, அவனுடைய செல்போனில் சிவப்புப் பசு வீடியோ ஒன்று. 'பசு வந்துவிட்டது, கியாமத் நெருங்கிவிட்டது' என்று அனுப்பியவர்கள் பாதிரிமார்கள் அல்லர். நம் பிள்ளைகள்!

சகோதரர்களே! இந்த இளைஞனின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கிருக்கிறது. ஏனெனில் இது வெறும் வேத விளக்கச் சண்டை அல்ல. பாலஸ்தீனத்தில் வீடிழந்து, மண்ணிழந்து, பிள்ளைகளை இழந்து நிற்கும் மக்களின் தலையெழுத்தோடு பின்னிக்கிடக்கும் விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி நம்புகிறவர்கள் அல்லர். நம் புதுச்சேரியில் தலைமுறை தலைமுறையாக நம்மோடு வாழும் கத்தோலிக்க மக்களின் திருச்சபை, இந்த 'ஆயிர வருட அரசாட்சி'க் கணக்கை அதிகாரப்பூர்வமாகவே மறுக்கிறது. நாம் பேசுவது வேறொரு சரக்கைப் பற்றி. அந்தச் சரக்குக்கு வயது இருநூறு ஆண்டுகூட இல்லை!

ஆம்! 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பாதிரியார் பிரிட்டனில் உருவாக்கிய கணக்கு இது. விசுவாசிகள் திடீரென வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அதுதான் 'இரகசிய வருகை'. பிறகு ஏழாண்டு உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன் போர். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் உலகெங்கும் உள்ள யூதர்கள் பாலஸ்தீனத்தில் குவிய வேண்டும். எருசலேமில் அவர்களுடைய ஆலயம் மறுபடி எழ வேண்டும். எந்த இடத்தில்? மஸ்ஜிதுல் அக்ஸா வளாகம் இருக்கும் அதே இடத்தில்! 1909-ல் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கர் இந்தக் கணக்கை பைபிளின் அடிக்குறிப்பாகவே அச்சடித்துவிட்டார். வசனத்துக்குக் கீழேயே குறிப்பு இருந்தால் பாமரர் எதை வேதம் என்பார், எதை மனிதன் எழுதியது என்பார்? அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் அடிக்குறிப்பையே வேதமாக நம்பினார்கள். அங்கிருந்து அது கப்பலேறி நம் ஊர்ச் சுவர்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது.

தேதி குறித்தவர்கள் கதையைக் கேளுங்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி 1844 அக்டோபர் 22 என்றார். ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள், சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். விடிந்தது; ஒன்றும் நடக்கவில்லை. யெகோவா சாட்சிகள் 1914-ஐக் காட்டினார்கள், பிறகு 1925, பிறகு 1975. ஹால் லிண்ட்சே என்பவர் 1970-ல் ஒரு புத்தகம் போட்டு, 1948-ல் இஸ்ரேல் பிறந்ததிலிருந்து ஒரு தலைமுறைக் கணக்குச் சொன்னார். நாற்பதாண்டு முடிந்து 1988-ம் போனது, புத்தகம் மட்டும் கோடிக்கணக்கில் விற்றது. வியாபாரிகளே, லாபம் யாருக்கு என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹரால்டு கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி முதலில் 1994 என்றார், தவறியது. பிறகு 2011 மே 21 என்று ஊர் ஊராக விளம்பரப் பலகை வைத்தார். நியூயார்க்கில் ஒருவர் தன் ஆயுள் சேமிப்பு 1,40,000 டாலரை அந்த விளம்பரத்துக்கே கொட்டினார். மறுநாள் வழக்கம்போல் சூரியன் உதித்தது. பலகை வைத்தவர் அடுத்த ஆண்டு, தேதி குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். கொட்டிய பணம் போனது போனதுதான்.

இதெல்லாம் அமெரிக்கப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-ல் கிறிஸ்தவராகி, திருவிதாங்கூரில் ஆங்கிலேயத் திருச்சபையின் குருவாகவும் ஆனவர் யுஸ்தூஸ் யோசேப்பு. பெரும் புலவர். அவர் இயற்றிய மலையாளப் பாடல்கள் இன்றும் கேரளத் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. 1870-களில் எழுந்த எழுப்புதல் அலையில் அவரும் சிக்கினார். இன்னும் ஆறே ஆண்டு, 1881-ல் கிறிஸ்து வருவார் என்று 1875-ல் அறிவித்தார். திருச்சபை கண்டித்தது, அவர் தனிச் சபை கண்டார். 1881 வந்தது, போனது. அதன் பிறகாவது நிறுத்தினாரா? இல்லை. யுயோமயம் என்ற புதிய பிரிவுதான் பிறந்தது. தவறிய தேதி நம்பிக்கையைக் கலைப்பதில்லை. புதுப் பெயர் சூட்டிக்கொள்கிறது. கல்வியும் புலமையும்கூட இந்தப் பள்ளத்தில் விழாமல் ஒருவரைக் காக்கவில்லை என்பதைப் படித்த இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

அவர்களுடைய வேதத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது! அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர வானவர்களோ குமாரனோகூட அறியார் என்கிறது மாற்கு 13:32. கர்த்தரின் பெயரால் சொல்லப்பட்டது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னது அல்ல என்கிறது உபாகமம் 18:22. இந்த இரண்டு வசனங்களையும் வைத்துக்கொண்டு மேலே உள்ள தேதிகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். நாம் புதிதாக என்ன சொல்ல இருக்கிறது?

அக்ஸாவில் பற்றிய தீ

இனிதான் முக்கியமான விஷயம். 1969 ஆகஸ்ட் 21 அன்று மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குத் தீ வைக்கப்பட்டது. 1187-ல் சுல்தான் ஸலாஹுத்தீன் கொண்டுவந்து வைத்த மிம்பர் சாம்பலானது. உலக முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே ரபாத் நகரில் முஸ்லிம் நாடுகள் கூடின. தீ வைத்தவன் யார்? நம் மேடைகளில் இன்றுவரை 'ஒரு யூதன்' என்றே முழங்குகிறார்கள். தவறு! அவன் பெயர் டெனிஸ் மைக்கேல் ரோஹன். ஆஸ்திரேலியக் கிறிஸ்தவன். ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பிரசங்கியின் பத்திரிகைகளைப் படித்தவன். அக்ஸாவை அழித்தால் அங்கே ஆலயம் எழும், ஆலயம் எழுந்தால் கிறிஸ்து வருவார் என்பதே அவனது கணக்கு. மனநிலை சரியில்லாதவன் என்று இஸ்ரேலிய நீதிமன்றம் சொன்னது. இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை அவன் தானாகக் கண்டுபிடிக்கவில்லையே! எதிரியைப் பற்றி மேடையில் பேசுமுன் உண்மையைச் சரிபார்ப்பதும் ஈமானின் பகுதிதான் (அல்குர்ஆன் 49:6).

ரோஹன் தீப்பெட்டியோடு போனான். இன்றைக்குப் போகிறவர்கள் அதிகாரத்தோடு போகிறார்கள். 2018 மே 14 அன்று அமெரிக்கத் தூதரகம் ஜெருசலேமில் திறக்கப்பட்டபோது தொடக்கப் பிரார்த்தனை செய்தவர் ராபர்ட் ஜெஃப்ரஸ். முடிவுப் பிரார்த்தனை ஜான் ஹேகீ. இருவரும் இந்தக் கடைசி காலக் கொள்கையின் பிரசங்கிகள். இஸ்ரேலுக்காகவே 2006-ல் பேரமைப்பு தொடங்கியவர் ஹேகீ. அங்கே ஆமென் சொல்லிக்கொண்டிருந்த அதே நாளில், காஸா எல்லையில் சுமார் 60 பாலஸ்தீனர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் டெக்ஸாஸிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகள் விமானமேறி இஸ்ரேல் போயின. எண்ணாகமம் 19-ல் சொல்லப்படும் சுத்திகரிப்புச் சடங்குக்கு அவை தேவையாம்; அது நடந்தால்தான் ஆலயப் பணியைத் தொடங்கலாமாம். அனுப்பி வைப்பதில் கைகொடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள். அந்தப் பசுவைத்தான் நம் இளைஞர் 'கியாமத்தின் அடையாளம்' என்று பரப்பிக்கொண்டிருக்கிறார். எவனோ திட்டம் போட்டு வளர்த்து விமானத்தில் ஏற்றியது எப்படித் தம்பி மறைவான அடையாளமாகும்? அவனுடைய விளம்பரத்துக்கு நீ இலவசத் தபால்காரன் ஆகிவிட்டாய்!

இந்த நட்பின் முடிவையும் பாருங்கள். சகரியா 13:8-க்கு இவர்கள் தரும் விளக்கப்படி, அந்த இறுதிப் போரில் யூதர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாள்வார்கள். மீதிப் பேர் கிறிஸ்துவை ஏற்பார்கள். யூதர்மீது இவர்கள் காட்டும் அன்பு பலி ஆட்டின்மீது காட்டும் அன்புதான்! இது சியோனிசத் தலைவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அர்மகெதோன் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஆயுதமும் ஓட்டும் டாலரும் வரட்டும் என்று வாங்கிக்கொள்கிறார்கள்.

ஏமாந்தவர்கள் வேறு யார் தெரியுமா? கிறிஸ்துவின் சொந்த மண்ணில் வாழும் கிறிஸ்தவர்கள்! கலிலேயாவில் இக்ரித் என்ற கிறிஸ்தவக் கிராமம். 1948-ல் இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று சொல்லி இஸ்ரேலிய இராணுவம் மக்களை வெளியேற்றியது. அவர்கள் திரும்பிவரலாம் என்று 1951-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேவாலயம் மட்டும் மிஞ்சியது. இறந்தவர்களை அடக்கம் செய்ய அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். 2023 அக்டோபரில் காஸாவின் பழமையான புனித போர்ஃபிரியஸ் தேவாலய வளாகம் குண்டுவீச்சுக்கு ஆளானது. தஞ்சம் புகுந்திருந்தவர்கள் செத்தார்கள். ஜெருசலேமின் கத்தோலிக்க, சிரியன், ஆங்கிலிக்கன், லுத்தரன் தலைவர்கள் நால்வரும் 2006 ஆகஸ்டிலேயே கையெழுத்திட்டு, கிறிஸ்தவ சியோனிசம் பொய்ப் போதனை என்று அறிவித்துவிட்டார்கள். துண்டுப் பிரசுரம் கொடுப்பவர்களிடம் அந்த அறிக்கை இருக்காது.

நம் வீட்டுக் கணக்கு

அடுத்தவர் கூரையைப் பார்த்தது போதும். ஈஸா (அலை) வருவார், நீதியுள்ள தீர்ப்பாளராக வருவார் என்பது நமது நம்பிக்கை. தஜ்ஜாலின் குழப்பத்திலிருந்து தொழுகைதோறும் பாதுகாப்புத் தேடுகிறோம். ஆனால் எப்போது? அதன் அறிவு தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்று அல்லாஹ் சொல்லிவிட்டான் (7:187, 33:63). இறைத்தூதருக்கே அறிவிக்கப்படாததை யூடியூப் காரர் அறிவாரா?

இந்தப் பாடத்தை நாம் இரத்தத்தால் படித்திருக்கிறோம். 1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400-ன் முதல் நாள். ஜுஹைமான் என்பவன் ஆயுதக் கூட்டத்தோடு கஅபா வளாகத்தைப் பிடித்து, தன் ஆள் ஒருவனை மஹ்தி என்று அறிவித்தான். புனித ஹரமில் இரண்டு வாரம் இரத்தம் ஓடியது. அந்த மஹ்தி அங்கேயே செத்தான். 2014-ல் ஐ.எஸ். கும்பல், இறுதிப் போர் பற்றிய ஹதீஸில் வரும் சிரியாவின் தாபிக் ஊரைப் பிடித்து, அந்தப் பெயரிலேயே பத்திரிகை நடத்தி உலகெங்கும் இளைஞர்களை அழைத்தது. 2016 அக்டோபரில் பெரிய சண்டைகூட இல்லாமல் அந்த ஊரை விட்டு ஓடியது. நம்பிப் போன பிள்ளைகளின் தாய்மார்கள்தான் மிச்சம். ரோஹனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அல்லாஹ்வின் நாளைத் தங்கள் கையால் இழுத்துக்கொண்டுவர நினைத்தவர்கள் இரு தரப்பாரும்.

கியாமத் எப்போது என்று கேட்டவரிடம், அதற்காக நீர் என்ன தயாரித்து வைத்திருக்கிறீர் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கையில் கன்று இருக்கும்போது கியாமத் வந்தாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொன்னார்கள். இதே முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அன்றைக்கே உலகம் முடிந்தது. எந்தத் தீர்க்கதரிசனக் கூட்டத்திலாவது அதைப் பற்றி ஒரு வார்த்தை? நம் ஜும்ஆ மேடையில்தான் எத்தனை முறை பேசினோம்?

கடைக்காரச் சகோதரரே! அவர்கள் மறுபடியும் வருவார்கள். கடிந்து விரட்டாதீர்கள், அழகிய முறையில் வாதிடுங்கள் என்பது இறைக் கட்டளை (16:125). ஸ்டூல் போடுங்கள், டீ சொல்லுங்கள். மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாற்கு 13:32-ஐ அவர்களையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு, இக்ரித் கிராமத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் வீட்டுக்கு எப்போது திரும்பலாம் என்று அந்தத் தேவனின் கடிகாரம் காட்டுகிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை, சொன்னது சொன்னபடி, உங்கள் மகன் கைப்பட எழுதி நமக்கு அனுப்பட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.