விருந்தும் மருந்தும்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எம் முன்னோர் வாய்மொழி. ஆயின், வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டியவராயும், அதே வேளையில் ஆண்டுதோறும் விருந்துகளுக்கு அழைக்கப்படுபவராயும் வாழ்வோர் இன்று எம்மிடையே மிகப் பலர். அவர்களே நீரிழிவு நோயாளர். சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் எமது பேச்சு வழக்கிலே கூறப்படும் இந்நோயைப் பற்றி வைத்தியர்கள் எழுதும் முறை வேறு. நாம் வைத்தியரல்லேம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நோயோடு வாழ்ந்தும், பந்தியில் இருந்தும், பந்தியிற் பரிமாறியும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூற முற்பட்டோம்.

மங்கலமான விழா மலரிலே நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். விழாவென்றாற் பந்தியுண்டு. பழைய மாணவர் எனப்படுவோரிற் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தோர். இவ்விரண்டும் ஒருங்கு சேருமிடத்தில் இப்பேச்சு எழாதிருப்பதே வியப்பாகும்.

எமது ஆண்டு முழுவதும் இனிப்பினாலே தொடுக்கப்பட்டது என்றால் அது மிகையன்று. தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் புக்கை. சித்திரைப் புதுவருடத்துக்குப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் நிறைந்த தட்டம். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவராத்திரிக்கு அவலும் கடலையும். தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு பலகாரம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டை மனனஞ் செய்யாத மாணவர் எமது காலத்தில் இலர். அப்பாட்டை நினைக்கும்போதே பனங்கட்டி மணக்கும். தாயும் பாட்டியும் அடுப்படியில் இருந்த கோலமும் கண்முன் தோன்றும். இவை வெறும் பண்டங்களல்ல, உறவின் கட்டுகள். ஆதலின், நோயுற்றவர் இவற்றையெல்லாம் அறவே துறந்து ஒரு மூலையில் இருக்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. அத்தகைய அறிவுரை எவராலும் நெடுங்காலம் பின்பற்றப்படுவதுமில்லை.

எமது கருத்து இதுவே: இந்நோயாளரை விழா நாட்களில் வருத்துவது பணியாரம் மட்டுமன்று. அதனைச் சூழ்ந்து நிற்கும் இரண்டு வழக்கங்கள் அதனினும் கொடியவை. ஒன்று, உண்பவர் தம் நோயை மறைத்தல்; மற்றொன்று, ஊட்டுபவர் 'போதும்' என்னுஞ் சொல்லைச் செவிக்கொள்ளாமை.

முதலாவதற்கு எமது அனுபவம் ஒன்றையே சான்றாகக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விசயதசமி நாளிலே, பூசையும் அதனைத் தொடர்ந்து மதிய போசனமும் நிகழ்ந்த ஒரு மண்டபத்திற்குச் சென்றிருந்தோம். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் ஒருவரும் வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு முடியவேண்டிய பூசை ஒன்றரை மணியாகியும் முடியவில்லை. நண்பருக்கு வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, பேச்சுக் குழறியது. அருகிலிருந்த ஒருவர், "ஐயா காலமையே குடித்துவிட்டாரோ?" என்று மற்றவரிடம் மெல்லக் கேட்டது எமது செவியில் விழுந்தது. அவ்வேளையிற் பரிமாறுவதற்காக நின்ற உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஓடிவந்து, "ஐயாவுக்குச் சலரோகம் இருக்கிறதோ?" என்று எம்மைக் கேட்டான். நாற்பது ஆண்டு நட்பினராகிய நாம், "இல்லை" என்றோம். அவனோ எமது சொல்லை நம்பவில்லை. தன் பாட்டியிடம் இதனைக் கண்டிருக்கிறான் போலும். ஒரு குவளை நீரிலே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்து மெல்ல மெல்லப் பருக்கினான். கால்மணி நேரத்துள் நண்பர் தெளிந்தெழுந்தார்.

நடந்தது யாதெனிற் கூறுவோம். மதியம் விருந்துண்டு என்பதற்காக அவர் காலை உணவை விலக்கியிருக்கிறார். ஆனால் மாத்திரையை மட்டும் வழமைபோல விழுங்கியிருக்கிறார். மாத்திரை தன் தொழிலைச் செய்தது. அதற்கு எதிரே வயிற்றில் உணவில்லை. ஏன் இதனை எம்மிடம் மறைத்தீர் என்று பின்னொரு நாள் வினவியபோது, "மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம், தகப்பனுக்குச் சீனி வருத்தம் என்று ஊரில் அடிபட்டால் என்னாகும்?" என்றார். நாம் மறுமொழி கூறவில்லை. கூறும் தகுதி எமக்கு இருக்கவில்லை. அன்று எமது சட்டைப் பையிலும் அதே மாத்திரை இருந்தது. அதனை நாமும் அவருக்கு மறைத்தே வைத்திருந்தோம். ஒரே வாங்கில் இருந்து கற்ற இருவர், ஒரே நோயை ஒருவர்க்கொருவர் ஒளித்து, ஒரே பந்தியை எதிர்நோக்கி இருந்தோம். இதனினும் பேதைமை வேறு உண்டோ?

இது எம்மிருவர் கதை மட்டுமன்று. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டெனவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் சோதிக்கப்படும்வரை அதனை அறியாதிருந்தனர் எனவும் கண்டது. போர் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை. அறியாமல் இருப்போர் ஒருபுறமிருக்க, அறிந்தும் மறைப்போர் எத்துணையர் என்பதை எந்த ஆய்வு கணக்கிடும்?

மறைக்கத்தக்க இழிவு இந்நோயில் யாதுமில்லை. மதுமேகம் என்னும் பெயரால் இதனை எமது பண்டை வைத்தியர் அறிந்திருந்தனர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் கண்டு குறித்து வைத்தனர். ஆயினும் இன்சுலின் குறைவினால் இளமையிலேயே இந்நோய்க்கு ஆளானோரை நெடுங்காலம் வாழவைக்கும் வழி, எமது பழைய மாணவர் பலர் இன்று குடியிருக்கும் ரொறன்ரோ நகரிலே, 1921ஆம் ஆண்டில் பாண்டிங், பெஸ்ற் என்பார் இன்சுலினைப் பிரித்தெடுத்த பின்னரே பிறந்தது. அடுத்த ஆண்டு சனவரியில் அம்மருந்து முதன்முதல் ஏற்றப்பட்டவன் பதினான்கு வயதுச் சிறுவன். பாண்டிங் பிறந்த நாளாகிய நவம்பர் 14ஆந் திகதியே இன்று உலக நீரிழிவு நாளாக அனுட்டிக்கப்படுகிறது. தீபாவளியும் கந்தசட்டியும் வரும் காலத்தை ஒட்டி அந்நாளும் வருதல் எமக்கு நல்லதோர் நினைவூட்டலாகும்.

இனி, எமது மக்களிடையே வேரூன்றியுள்ள தவறான எண்ணங்கள் சிலவற்றைக் கூறுதல் வேண்டும். சீனிதான் தீது, பனங்கட்டி தீங்கற்றது என்பது முதலாவது. பனங்கட்டியில் சீனியிலில்லாத சில சத்துக்கள் சிறிதளவு இருக்கலாம். ஆயினும் அதன் பெரும்பகுதி சீனியே. குட்டானில் வந்ததென்பதற்காகக் குருதி அதனை வேறாக எண்ணுவதில்லை. குரக்கன் பிட்டை எவ்வளவும் உண்ணலாம் என்பது இரண்டாவது. குரக்கனும் மாப்பொருளே; நன்கு அரைத்த மாவாயின் விரைவிற் சமித்துக் குருதியிற் சீனியை ஏற்றும். அளவோடு உண்பார்க்கே அது நண்பன். மூன்றாவது, விருந்தன்று ஒரு மாத்திரை கூடப் போட்டுவிட்டால் எதையும் உண்ணலாம் என்பது. நான்காவது, விருந்துக்கு இடம் வைப்பதற்காக முன்னை வேளை உணவை விலக்குவது. பின்னிரண்டும் உயிருக்கே ஊறு செய்ய வல்லவை. மருந்தின் அளவையும் வேளையையும் வைத்தியரைக் கேளாமல் மாற்றுதல் எக்காரணங்கொண்டும் ஆகாது.

ஐந்தாவது ஒன்றுண்டு, அதனைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதுவே தேநீர். வருடப்பிறப்பன்று ஆறு வீடுகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனியிட்ட தேநீரை அருந்துபவர், பன்னிரண்டு கரண்டிச் சீனி உண்டவராகிறார். ஒரு கரண்டி நான்கு கிராம் எனினும் அது 48 கிராம். நோயற்ற ஒருவரே உணவிற் சேர்க்கும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் அடக்கவேண்டும் என்றும், அதனிற் பாதியாயின் மேலும் நன்றென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2015ஆம் ஆண்டிற் கூறியது. ஒரு பயற்றம் பணியாரத்தை அஞ்சி விலக்கிய கைதான் ஆறு கோப்பைத் தேநீரை அஞ்சாது வாங்குகிறது! வெறுந்தேநீரைச் சீனியின்றிக் குடிக்கப் பழகியவர், தாம் விரும்பிய பணியாரம் ஒன்றைப் பாதியாக்கி உண்பதற்கான இடத்தைத் தாமே தேடிக்கொண்டவராவர்.

விருந்து நாளை எவ்வாறு கடப்பது? நாம் கைக்கொள்ளும் முறை எளிது. காலையுணவை விலக்குவதில்லை. இலையிலே கறிகளையும் பருப்பையும் கீரையையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர்ச் சிறிதாக உண்போம். இவ்வொழுங்கினால் உணவுக்குப் பின் சீனி ஏறும் வேகம் குறையும். புக்கையும் பாயசமும் வடையும் ஒருங்கே வருமாயின் ஒன்றையே தெரிந்துகொள்வோம். அவ்வொன்றையும் சுவைத்து மெல்ல உண்போம். இனிப்பு உண்டால் அதற்கீடாகச் சோற்றிற் குறைப்போம். உண்டபின் உறங்காது, கால்மணி நேரமாயினும் நடப்போம். கந்தசட்டி போன்ற விரதங்களை நோற்க விரும்பின், விரதந் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே வைத்தியரைக் கலந்துகொள்வோம். இயலாதவர் பாலும் பழமும் உண்டு நோற்றல் எமது வழக்கில் உள்ளதே. உடலை வீழ்த்துவது விரதத்தின் நோக்கமன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் அளவையும் முறையையும் பற்றியனவாதலை மாணவர் எண்ணிப் பார்ப்பார்களாக.

இனி, ஊட்டுவோருக்கு ஒரு வார்த்தை. விருந்தோம்பல் எமது சமூகத்தின் தலையாய பண்பு. ஆனால், இலையை மூடிய கையை விலக்கிவிட்டு ஒரு கரண்டி புக்கையை இடுவது விருந்தோம்பலன்று. அது வன்முறையின் ஓர் இனிய வடிவம். "என் கையால் ஒன்று எடுக்கமாட்டீர்களா?" என்னும் கேள்விக்கு முன் நிற்கும் மன உறுதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மறுத்தால் இல்லாளின் மனம் நோகும். ஏற்றால் தம் உடல் நோகும். இவ்விரண்டுக்குமிடையே விருந்தினரை நிறுத்துதல் தகுமா? நோயாளரென்று ஒருவரை வேறாக இருத்தி, வேறு இலையில், வேறு உணவு இடுவதும் அதேயளவு தவறு. அவருக்கு வேண்டியது தனிப்பந்தியன்று. எல்லோரோடும் ஒரே பந்தியில் இருந்து, தமக்கு வேண்டியதை மட்டும் உண்ணும் உரிமையே.

ஆதலின், பழைய மாணவர் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். இவ்வாண்டு விழாப் பந்தியிலும் இனிவரும் பந்திகளிலும் தேநீரைச் சீனியிடாது வழங்கிச் சீனியைப் புறம்பாக வைத்தல் வேண்டும். வேண்டுவோர் இட்டுக்கொள்வர், வேண்டாதோர் எவர்க்கும் விடை கூற வேண்டியிராது. கூட்டங்கள் எத்துணை நீளினும், குறித்த நேரத்திலே பந்தி தொடங்கவேண்டும். பேச்சாளர் காத்திருக்கலாம், மாத்திரை காத்திராது. மூன்றாவதாக, பரிமாறும் மாணவர் அனைவருக்கும், குருதியிற் சீனி தாழ்ந்தோர்க்குச் செய்யும் முதலுதவி கற்பிக்கப்படல் வேண்டும். ஒரு டெசிலீற்றர் குருதியிற் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கின் ஆபத்து. வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம் என்பன அதன் குறிகள். அறிவு தெளிவாக உள்ளவராயின் மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் பார்த்து, தெளியாவிடின் மீண்டும் கொடுத்தல் வேண்டும். தெளிந்தபின் உணவு கொடுத்தல் வேண்டும். மயங்கிக் கிடப்பவராயின் வாயில் எதனையும் ஊற்றாது உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும். இவ்வளவும் ஒரு பாடவேளைக்குள் கற்பிக்கத்தக்கவை.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விழாவன்று உங்கள் அருகில் அமர்பவரிடம், நோயுண்டெனில் உண்டென்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எமது நண்பரின் மகளுக்குத் திருமணம் இனிதே நிகழ்ந்தது. சம்பந்தி வீட்டாரிடம் அவர் உண்மையைச் சொன்னபோது, மாப்பிள்ளையின் தகப்பனார் சிரித்துக்கொண்டே தம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பொதியை எடுத்துக் காட்டினாராம்.

இப்போது நாமும் நண்பரும் விருந்துகளில் அருகருகே அமர்கின்றோம். வரும் பணியாரம் ஒன்றைப் பிட்டுப் பாதியை அவர் எமக்குத் தருவார். அப்பாதியின் சுவை, முன்னர் ஒளித்துண்ட முழுப் பணியாரங்கள் எவற்றிலும் எமக்குக் கிடைத்ததில்லை.