பிள்ளைக்கு ஒரு மிளகுக் கொடி

பெருநாள் காசு அன்று பின்னேரமே கடைக்குப் போய்விடுகிறது. பாடுபட்ட காசை யாரும் அப்படி விடமாட்டார்கள். சகோதரிகளே, மாத்தளையில் பலருக்கு வளவிலேயே மிளகு உண்டு. ஒரு கொடியைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பச்சையாக விற்றால் உடனே காசு. காயவைத்தால் மூன்று கிலோ ஏறக்குறைய ஒரு கிலோவாகும், விலையோ கூடும். எது இலாபமென்று பிள்ளையே கணக்குப் பார்க்கட்டும். மழையில் நனைந்தால் நட்டமும் பிள்ளைக்கே. பாவம் பார்த்து ஈடுகட்டாதீர்கள்!

உண்டியலில் கிடக்கும் காசும் தேயும். 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான், 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாய். தேவையான கொப்பி, சப்பாத்தை முதலில் வாங்கட்டும்.

இன்னொன்று. "உம்மா வெச்சித் தாறேன்" என்று வாங்கிய காசு எத்தனை வீட்டில் திரும்பி வந்தது? கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது குர்ஆன். அவசரத்துக்கு எடுத்தால் பிள்ளையிடம் கேட்டு, தவணை சொல்லி, அதன் கொப்பியிலேயே எழுதிக் கொடுங்கள்.