வரிசையில் நிற்கவே வழியில்லாதவர்கள்

2009-ல் ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய வீடு கலிபோர்னியாவில். அறுவை சிகிச்சை நடந்ததோ டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில்! காரணம் எளிது. அங்கே காத்திருப்போர் பட்டியல் சிறியது. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் இரண்டு மருத்துவமனைகளில் பெயர் பதியலாம். ஆனால் அழைப்பு வந்த சில மணி நேரத்தில் அங்கே போய் இறங்க விமானம் வேண்டும். விமானம் உள்ளவருக்கு மட்டும் பயன்படுவதற்கு உரிமை என்றா பெயர்?

2002 முதல் அங்கே 'மெல்ட்' என்றொரு மதிப்பெண் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையை வைத்து 6 முதல் 40 வரை போடுவார்கள். நோய் முற்ற முற்ற எண் ஏறும், எண் அதிகமானவருக்கு முன்னுரிமை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டையே 11 மண்டலங்கள், 58 தானப் பகுதிகள் என்று கூறு போட்டு வைத்திருந்தார்களே! ஓர் ஊரில் இருபது சொச்சம் மதிப்பெண்ணுக்குக் கிடைத்த கல்லீரல், இன்னோர் ஊரில் முப்பதைத் தாண்டியும் கிடைக்கவில்லை. வசிக்கும் இடத்தைப் பார்த்து உறுப்பு கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 1998-லேயே விதி எழுதியிருந்தது. அந்த எல்லைகளை அழிக்க 2020 பிப்ரவரி வரை ஆனது. இப்போது தானம் கிடைத்த மருத்துவமனையைச் சுற்றி 150, 250, 500 கடல் மைல் வட்டங்கள் போட்டுப் பங்கிடுகிறார்கள். எங்கள் ஊர்க் கல்லீரல் பெருநகரங்களுக்குப் போகிறது என்று தென் மாநில மருத்துவமனைகள் நீதிமன்றம் வரை போயின.

இரு தரப்பும் மறந்த ஒருவர் உண்டு. பட்டியலில் பெயரே ஏறாதவர்.

வயோமிங், மொன்டானா, அலாஸ்கா மாநிலங்களில் கல்லீரல் மாற்று மையம் ஒன்றுகூடக் கிடையாது. பெயர் ஏற வேண்டுமானால் உள்ளூர் மருத்துவர் நேரத்தோடு அனுப்பி வைக்க வேண்டும். வெளிமாநிலம் போய்ப் பரிசோதனைகள் செய்ய வேண்டும், காப்பீடு வேண்டும், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அன்றாடக் கூலிக்காரர் எத்தனை முறை போய் வருவார்? போகாமலே இறந்தால், காத்திருந்து இறந்தவர்கள் கணக்கில்கூட அவர் வர மாட்டார். மதிப்பெண்ணும் வட்டமும் அவரைத் தொடுவதே இல்லை.

கல்லீரல் வெகுதூரம் பயணம் தாங்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் நோயாளி பயணம் செய்யலாமே! பயணச் செலவையும் தங்கும் செலவையும் அரசு ஏற்கட்டும். மாற்று மைய மருத்துவர்கள் மாதம் ஒருமுறை சிற்றூர்களுக்கு வரட்டும். எந்தெந்த மாவட்டத்தில் எத்தனை பேர் கல்லீரல் நோயால் இறந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டியலில் இருந்தார்கள் என்று ஆண்டுதோறும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடட்டும்.

உறுப்பு தானம் செய்யும் குடும்பம் யாரிடமும் முகவரி கேட்பதில்லை. வாங்கிக் கொடுப்பவர்கள் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?