பரிசுத்தமும் ஆபிரகாமும்

போன வாரம் சாரல் விடாமல் பெய்ததில் வாக்கிங் போக முடியவில்லை. பேரன் 'தி மிஷன்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் கொடுத்தான். 1986ல் வந்தது, கேன்ஸ் விழாவில் முதல் பரிசு வாங்கியது. ஆரம்பத்திலேயே, சிலுவையில் கட்டிய ஒரு பாதிரியார் ஆற்றோடு மிதந்து வந்து இகுவாசு அருவியில் விழுகிறார். மெயினருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்தே வளர்ந்தவன் நான். எனக்கே திக்கென்றது.

1750ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் தென் அமெரிக்காவில் எல்லையை மாற்றிக்கொள்கின்றன. குவாரனி பழங்குடிகளின் ஊர்கள் ஸ்பெயின் கையிலிருந்து போர்ச்சுகல் கைக்குப் போகின்றன. காலி செய்ய மறுக்கும் மக்களோடு ஏசு சபைப் பாதிரியார்களும் நின்று சாகிறார்கள். நல்ல படம்தான். ஆனால் அந்தச் சண்டையில் முன்னால் நின்ற செப்பே தியாராஜு என்ற குவாரனி வீரன் படத்தில் இல்லை. காப்பாற்ற வந்தவர்கள் முகம்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

நம் ஊர் சினிமாவில் நேர் எதிராக நடந்தது. அதுதான் என் மனத்தாங்கல். 2013ல் பாலா எடுத்த 'பரதேசி' பார்த்திருப்பீர்கள். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல்தான் அதற்கு மூலம், தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார். டேனியல் வால்பாறை எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்தவர். கண்ணால் கண்டதையும், வயதான கூலிகள் வாயால் கேட்டதையும் எழுதினார். நாவலில் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் வேறு யாருமல்ல, நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். என் பாட்டியின் தம்பி ஒருவரும் அப்படிப் போனவர்தான். திரும்பவே இல்லை. கடைசி வரை பாட்டி தேயிலைத் தண்ணீரைக் கையால் தொடமாட்டாள்.

நாவலின் டாக்டர் ஆபிரகாம், வெள்ளைக்காரத் துரை முன்னால் குனியாதவர். கூலிகளை மனிதர்களாக நடத்தியவர். படத்தில் அவர் பரிசுத்தம் ஆகிவிட்டார். வெள்ளைக்கார மனைவியோடு வந்து, சாவு வீட்டுக்கு நடுவில் குத்தாட்டம் போட்டு மதம் மாற்றுகிறார்!

மிஷனரிகளில் ஆள் சேர்ப்பதே குறியாக இருந்தவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. கதையை மாற்ற டைரக்டருக்கு உரிமையும் உண்டு. அதர்வாவின் நடிப்பையும் நாஞ்சில் நாடன் வசனத்தையும் நானும் ரசித்தேன். ஆனால் அந்த ஜனங்களின் கண்ணீரை உலகத்துக்குச் சொன்னவரே ஒரு டாக்டர். அவர் எழுதிய கதையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த டாக்டரையே கோமாளி ஆக்குவது என்ன நியாயம்? ஆபிரகாமை வேண்டாமென்றால் விட்டுவிட்டே எடுத்திருக்கலாமே.

படம் பார்த்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் நாவலைப் படித்தார்கள்? என் பிரதியை இரவல் வாங்கிப்போன நண்பர் இன்னும் திருப்பித் தரவில்லை. இதைப் படித்தால் அவருக்கே தெரியும்.