3,04,269 பேரில் பெண்கள் எத்தனை?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளில் ஒரு செய்தி ஏறத்தாழ மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. 1983 ஜூலைக்கும் 2012 ஆகஸ்டுக்கும் இடையில் 3,04,269 இலங்கை அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். 1995 மார்ச் வரை 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடைசி இலக்கம் வரை சுத்தமான கணக்கு. அதில் ஆண் பெண் பிரிவு இல்லை.

கணக்கெடுப்புக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்ற எண்தான் தருமபுரியின் பெண்சிசுக் கொலையை வெளியே இழுத்துப் போட்டது. அந்த எண்ணில் பெண் தனியாக எண்ணப்பட்டாள். அதனால்தான் அது குற்றம் சாட்டியது.

தமிழ் படிக்கும் மாணவியர் அறிக்கையின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘அனுப்பப்பட்டார்கள்.’ செயப்பாட்டு வினையில் செய்தவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலைக்கு மறு ஆண்டு, 1992 ஜனவரியில், இந்த அனுப்புதல் தொடங்கியது. விரும்பித்தான் போகிறார்களா என்று கேட்டறிய ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அப்போது இடமில்லை. பல மாதங்கள் கழித்தே அனுமதித்தார்கள். மனமுவந்து போனவளும் மிரண்டு போனவளும் ஒரே கூட்டல் தொகைக்குள் கிடக்கிறார்கள்.

அடுத்து, பெயர்ச்சொல். ‘சட்டவிரோதக் குடியேறி.’ குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த சொல். எங்கள் மாவட்டத்து நாகாவதி அணை முகாமில் பிறந்து வளர்ந்த பெண் எந்தக் கடலையும் தாண்டியதில்லை. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவள், பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால் அவள் இந்தியக் குடிமகள் இல்லை. அவள் உள்ளூர்க்காரனை மணந்து பிள்ளை பெற்றாலும் தீரவில்லை: 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்குத் தகப்பன் இந்தியனாக இருந்தும், தாய் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. சாதியும் சொத்தும் தகப்பன் வழியே இறங்கும் ஊரில் தாய் வழியாகத் தப்பாமல் இறங்குவது இந்த முத்திரைதான்.

2019இன் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளை எண்ணியது, இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. நல்லது. குற்றவாளிப் பட்டியல் சுருங்கலாம். குடியுரிமைத் தாள் எதுவும் அவள் கைக்கு வரவில்லை.

மாநில அரசும் தப்பவில்லை. 2021இல் ‘அகதிகள் முகா’மை ‘மறுவாழ்வு முகாம்’ ஆக்கியது, மாத உதவித்தொகையையும் உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000. உலை வைக்கிறவளின் வயிற்றுக்கு 500 குறைவாகப் போதும் என்று யார் அளந்து பார்த்தார்களோ!

அடுத்த ஆண்டறிக்கையில் அந்தப் பழைய செய்தியை அச்சேற்றும்போது கூடவே இரண்டு எண்களைச் சேர்க்கட்டும்: முகாமிலேயே பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்.