டிரே கழுவவா ஃபீஸ் கட்டினோம்?

அக்கா பையன் கேட்டரிங் படிக்கிறான். காலேஜ்ல இருந்து 45 நாள் ட்ரெயினிங்னு கோவையில ஒரு பேக்கரிக்கு அனுப்பினாங்க. முடிச்சுட்டு வந்தவன்கிட்ட ஆசையாக் கேட்டேன்.

"என்ன மாப்ள, பன்னு போடக் கத்துக்கிட்டியா?"

"டிரே நல்லாக் கழுவுவேன் மாமா. அப்புறம் பப்ஸை கவர்ல போட்டுக் குடுப்பேன்."

வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலைங்க.

டிரே கழுவுறது கேவலம்னு நான் சொல்ல வரலை. கருகல் ஒட்டின டிரேல அடுத்த ஈடு பன் ஒழுங்கா வராது. அதைக் கழுவத் தெரியாதவன் மாஸ்டர் ஆகவும் முடியாது. ஒரு வாரம் கழுவட்டும். 45 நாளும் அதையேவா?

பேக்கரிங்கறது முதல்ல ஒரு கணக்கு. மைதாவை 100-ன்னு வச்சுக்கிட்டு, தண்ணி 60, உப்பு 2-ன்னு மத்த எல்லாத்தையும் அதுக்குச் சதவீதமாப் போடணும். 400 கிராம் ரொட்டி வேணும்னா பிசைஞ்ச மாவை 450 கிராம் கிட்ட வெட்டணும்; அடுப்புல தண்ணி ஆவியாகி எடை குறையும். சித்திரை வெயில்ல ஐஸ் தண்ணி ஊத்திப் பிசையணும், இல்லேன்னா ஈஸ்ட் அவசரப்பட்டு மாவு புளிச்சிரும். நேத்து கடைகளுக்குப் போட்டதுல எத்தனை ரிட்டர்ன் வந்துச்சுன்னு பாத்துத்தான் இன்னைக்கு எத்தனை மூட்டை பிரிக்கறதுன்னு முடிவு பண்ணணும். லாபம் நஷ்டமெல்லாம் அங்கதான் இருக்கு.

இதுல ஒண்ணாவது சொல்லிக் குடுத்தாங்களான்னு கேட்டா, "மாவு பிசையுறது ராத்திரி ஷிப்ட் மாமா, நாங்க காலைல 9 மணிக்குத்தான் போவோம்"ங்கறான். பந்தி முடிஞ்சு இலை எடுக்கிற நேரத்துக்குப் போய் சமையல் கத்துக்கிற கதையால்ல இருக்கு!

ஓனரைக் கேட்டா, "ஒரு ஈடு மாவைக் கெடுத்தா யார் சார் காசு குடுப்பா?"ங்கறாரு. நியாயம்தான். அப்போ தினமும் 1 கிலோ மாவைத் தனியாக் குடுத்துப் பழக விடுங்க. கெட்டா பையன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தின்னுக்கட்டும். சம்பளமே இல்லாம ஒருத்தன் பாத்த வேலைக்கு முன்னாடி 1 கிலோ மைதா எந்த மூலைக்கு?

ஆனா எனக்குப் பெரிய கோவம் காலேஜ் மேலதான். அந்த 45 நாள்ல ஒரு வாத்தியார்கூட எட்டிப் பாக்கலை. சீல் குத்தின சர்டிபிகேட் வந்தாச் சரி, ஃபைல்ல சொருகியாச்சு. தொழில் பழகறவனுக்கு மாசாமாசம் உதவித்தொகை குடுக்கணும்னு 1961-லயே அப்ரண்டிஸ் சட்டம் போட்டாச்சு. ஆனா காலேஜ் லெட்டரோட போற பையன் அந்தச் சட்டத்துல பதிவு ஆகலைன்னா அவனுக்கு உதவித்தொகையும் கிடையாது. சரி, காசுதான் இல்லை, தொழிலாவது?

ஜெர்மனியில பேக்கர் ஆகணும்னா 3 வருஷம். கடையில வேலை, கூடவே தொழிற்பள்ளி, கையில சம்பளம். நமக்கு அவ்வளவெல்லாம் வேணாம். பிள்ளைய அனுப்புறதுக்கு முன்னாடி பெத்தவங்க காலேஜ்ல மூணே கேள்வி கேளுங்க. எந்த ஷிப்ட்? எந்த மாஸ்டர் கிட்ட? முடிச்சு வர்றப்போ என் பிள்ளை தனியா எதைச் செய்வான்? பதில் வரலைன்னா கையெழுத்துப் போடாதீங்க.

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஓவன்ல மாப்ள ரொட்டி போட்டான். செங்கல்லு மாதிரி வந்துச்சு.

டிரே மட்டும் பளபளன்னு இருந்துச்சு.